அக்கி, சின்னம்மை, உதட்டுக் கொப்புளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 16 வருஷமாக லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் கவுன்டரில் நின்று கேட்கும் கேள்விகளில் பெரும்பங்கு ஹெர்பெஸ் என்ற ஒரே வைரஸ் குடும்பத்தைப் பற்றியது. கேட்பவர்களுக்கு அது ஒரே குடும்பம் என்று தெரியாது, அவ்வளவுதான். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார். இந்த வைரஸ் ஏன் உடம்பை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

சின்ன வயசுல அம்மை போட்டு, மூணு தண்ணி ஊத்தி அனுப்பியாச்சு. 55 வயசுல எப்படிக்கா அக்கியா திரும்பி வருது?

அனுப்பவில்லை, அதுதான் விஷயம். கொப்புளம் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்குள் வைரஸ் உள்ளே குடி போயிருக்கும். தோலில் இருக்கும் உணர்வு நரம்புகளைப் பிடித்து ஏறி, முதுகுத்தண்டை ஒட்டி வரிசையாக இருக்கும் நரம்பு முடிச்சுகளில் உட்கார்ந்துவிடும். 40 வருஷம் சத்தமே இருக்காது. ஒருநாள் ஏதோ ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, ஏறிய நரம்பிலேயே இறங்கி வரும். அந்த ஒரு நரம்பு தோலின் எந்தப் பட்டையைக் கவனிக்கிறதோ, அந்தப் பட்டையில் மட்டும் கொப்புளம். சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் வேலை என்பதை தாமஸ் வெல்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1950-களில் பரிசோதனைக் கூடத்தில் வைரஸை வளர்த்துக் காட்டினார்.

"அக்கி இடுப்பைச் சுத்தி வந்து முனையும் முனையும் முட்டினா ஆள் காலி" என்று சொல்வார்களே, அந்தப் பயத்துக்கும் பதில் இதில் இருக்கிறது. இடப்பக்க நரம்பு உடம்பின் இடப்பாதியோடு நின்றுவிடும், வலப்பக்கத்தது வலப்பாதியோடு. அதனால் அக்கி பெரும்பாலும் நடுக்கோட்டில் கோடு கிழித்த மாதிரி நின்றுபோகும். எதிர்ப்பு சக்தி ரொம்பவும் குறைந்தவர்களுக்கு இரண்டு பக்கமும், பல இடத்திலும் வரலாம். அவர்களுக்கு ஆபத்து வருவது எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான், முனை முட்டியதால் இல்லை.

ஹெர்பெஸ்னா கெட்ட நோய்தானே? ரிப்போர்ட்ல அந்தப் பேரு இருந்தா வீட்ல எப்படிக் காட்டுறது?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்டதில்லை. மனிதர்களைப் பிடிக்கும் ஹெர்பெஸ் வகைகள் எட்டு, ஆறாவதை இரண்டாகப் பிரித்து எண்ணினால் ஒன்பது. சின்னம்மை வைரஸ் அதில் ஒன்று. உதட்டோரக் கொப்புளம் தருவது முதல் வகை ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ். பிறப்புறுப்பில் பெரும்பாலும் இரண்டாம் வகை. எப்ஸ்டைன்-பார், சைட்டோமெகலோ எல்லாம் பெரியப்பா, சித்தப்பா மக்கள் மாதிரி. உலகத்தில் 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சின்னக் குழந்தையாக இருக்கும்போது கொஞ்ச வந்த அத்தையும் மாமாவும் முத்தத்தோடு கொடுத்துவிட்டுப் போனதுதான் அதில் பெரும்பகுதி. இரண்டாம் வகை உடலுறவில் பரவுவது, உண்மைதான். அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை. துணையிடம் சொல்ல வேண்டிய விஷயம், ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹெர்பெஸ் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஊர்வது என்று பொருள். நம் ஊரிலும் "ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்திருக்கு" என்றுதான் அக்கியைச் சொல்கிறோம்.

அப்போ நம்ம எதிர்ப்பு சக்தி என்னதான் பண்ணிட்டு இருக்கு?

காலையில் தெருவுக்குக் குப்பை வண்டி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வாளி. எங்கள் தெருவுக்கு வரும் அக்கா வாளியைப் பார்த்தே சொல்லிவிடுவார்: இந்த வீட்டில் நேற்று வஞ்சிரம், அந்த வீட்டில் கருவாடு, மாடி வீட்டில் ஓட்டல் சாப்பாடு. வீட்டுக்குள் கால் வைக்காமலே உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும்.

உடம்பில் கிட்டத்தட்ட எல்லா செல்லும் இதையே செய்கிறது. உள்ளே தயாராகும் புரதங்களில் கொஞ்சத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு சின்ன வாசல் வழியாகப் பின்னறைக்கு அனுப்பி, அங்கே ஒரு தாங்கியில் வைத்து, செல்லின் வெளிச்சுவரில் தொங்கவிடுகிறது. தாங்கிக்கு எம்.எச்.சி. என்று பெயர், அதுதான் நம் வாளி. டி செல் என்ற வெள்ளையணு தெருத் தெருவாக வந்து வாளியைப் பார்க்கும். வழக்கமான குப்பை என்றால் நகர்ந்துவிடும். வைரஸ் புரதத்தின் துண்டு கிடந்தால் அந்தச் செல்லையே கொன்றுவிடும்.

ஹெர்பெஸ் குடும்பம் கை வைப்பது இந்த வாளியில்தான். உதட்டுக் கொப்புள வைரஸிடம் ஐ.சி.பி.47 என்று ஒரு புரதம் உண்டு. மொத்தமே 88 அமினோ அமிலம், புரதங்களில் சுண்டைக்காய். அது அந்தச் சின்ன வாசலில் போய், குழாயில் துணியைச் செருகின மாதிரி அடைத்துக்கொள்ளும். நறுக்கிய துண்டு பின்னறைக்குப் போகாது. வாளி நிரம்பாது. நிரம்பாத வாளியைச் செல் வெளிச்சுவருக்கு அனுப்புவதும் இல்லை. 1995-இல் இது வெளியானது. எலியின் வாசலை இந்தப் புரதத்தால் சரியாக அடைக்க முடிவதில்லை. மனிதர்களோடு குடித்தனம் நடத்தியே பழகிய வைரஸ், நம் வீட்டு அளவுக்கே துணி தைத்து வைத்திருக்கிறது.

சைட்டோமெகலோ வைரஸ் இன்னும் ஒரு படி மேலே. இந்தக் குடும்பத்திலேயே பெரிய மரபணுத் தொகுப்பு அதனுடையது, சுமார் 2,35,000 எழுத்துகள். இவ்வளவையும் அது சும்மா சுமக்கவில்லை. யு.எஸ்.6 அதே வாசலை மறுபக்கத்திலிருந்து அடைக்கும். யு.எஸ்.3 வாளியைப் பின்னறையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். யு.எஸ்.2, யு.எஸ்.11 இரண்டும் வாளியையே பின்னறையிலிருந்து இழுத்து, செல்லின் சொந்த நறுக்கும் இயந்திரத்தில் போட்டு அழித்துவிடும். வீட்டுக்காரர் கத்தியை வைத்தே வீட்டுக்காரர் வாளியை வெட்டும் வேலை.

வாளியே இல்லைன்னா சந்தேகம் வராதா?

வரும். நல்ல கேள்வி, இதைக் கேட்டது கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன்.

எல்லா வீட்டு வாசலிலும் வாளி இருக்கும்போது ஒரே ஒரு வீட்டில் மட்டும் இல்லையென்றால் அங்கே ஏதோ சரியில்லை. அதைப் பார்க்கவே என்.கே. செல் என்று தனி ரோந்து இருக்கிறது. வாளி காணாத செல்லை அது அடித்துப் போடும். சரி, இந்த வைரஸ் என்ன செய்கிறது? போலி வாளி தொங்கவிடுகிறது! சைட்டோமெகலோவின் யு.எல்.18 பார்க்க எம்.எச்.சி. போலவே இருக்கும், ரோந்துக்காரனின் கையைக் கட்டும் பொத்தானில் போய் ஒட்டிக்கொள்ளும். யு.எல்.40 என்று இன்னொன்று, "இங்கே எல்லாம் ஒழுங்கு" என்று காட்டும் ஒரு தனி வகை வாளிக்குத் தேவையான துண்டைத் தானே தயாரித்துக் கொடுக்கும். ஆபத்து என்று செல் தூக்கும் கொடிகளை யு.எல்.16 உள்ளேயே சுருட்டி வைத்துவிடும். ஆதார் கார்டுக்குப் போலி, ரேஷன் கார்டுக்குப் போலி, அதற்கு மேல் தெரு முனையில் கண்காணிப்பு கேமராவுக்குத் துணி மூடல்!

இவ்வளவு தந்திரமும் எதற்கு உதவுகிறது என்று 2010-இல் குரங்குகளில் ஒரு சோதனை நடந்தது. வாளியைக் கெடுக்கும் மரபணுக்களை எடுத்துவிட்ட சைட்டோமெகலோ வைரஸை ஊசி போட்டார்கள். முதன்முறை தொற்றும் குரங்கில் அது சாவகாசமாகக் குடியேறி நிலைத்துவிட்டது. ஏற்கனவே சைட்டோமெகலோ இருக்கும் குரங்கில்தான் நுழைய முடியவில்லை. அதாவது, விழிப்போடு இருக்கும் காவலைத் தாண்டி இரண்டாவது தடவை உள்ளே போகத்தான் வாளித் திருட்டு அவசியம். ஒரு தடவை வந்தால் இனி வராது என்று அம்மையைப் பற்றிச் சொல்வதை இந்த வைரஸுக்குச் சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம்.

ரத்தத்துல ஆன்டிபாடி இருக்குன்னு ரிப்போர்ட்ல வருதே. அது சண்டை போடாதா?

போடும். எதிர்ப்பான் என்பது உண்டிகோல் கவட்டை மாதிரி ஒரு பொருள். மேலே இருக்கும் இரண்டு கையும் வைரஸைப் பிடிக்கும். கீழே இருக்கும் கைப்பிடி "வாங்க, பிடிச்சாச்சு" என்று மற்ற செல்களைக் கூப்பிடும். ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸின் மேல்தோலில் ஜி.இ., ஜி.ஐ. என்று இரண்டு புரதங்கள் ஜோடியாக நின்று அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கின்றன. கை மாட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே கைப்பிடியும் மாட்டினால் கவட்டையால் யாரையும் கூப்பிட முடியாது. ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று இன்னொரு ஆயுதம் உண்டு, அதன் முக்கியத் துண்டை ஜி.சி. என்ற புரதம் பிடித்து வைத்துவிடும்.

இவ்ளோ தந்திரம் இருந்தா நாம எப்படி உயிரோட இருக்கோம்?

இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது. மேலே சொன்ன சண்டையெல்லாம் வைரஸ் பெருகும் சில நாட்களுக்கு மட்டும். அது தோற்கவும் தோற்கும், கொப்புளம் ஆறுவது அதனால்தான். ஆயுள் முழுக்க அது தப்பிப்பது தந்திரத்தால் இல்லை, வாயை மூடிக்கொண்டிருப்பதால்.

உதட்டு வைரஸ் தங்குவது காதுக்கு முன்னால், மண்டையோட்டுக்குள் இருக்கும், முகத்தின் உணர்வைக் கவனிக்கும் நரம்பின் முடிச்சில். அங்கே தன் டி.என்.ஏ.வை வட்டமாகச் சுருட்டி, நம் டி.என்.ஏ. மாதிரியே புரதம் சுற்றி, படுத்துவிடும். 80-க்கு மேற்பட்ட மரபணு வைத்திருக்கும் வைரஸ் அப்போது ஏராளமாக எழுதிக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆர்.என்.ஏ. அதிலிருந்து புரதம் என்று சொல்லும்படி எதுவும் தயாராவதில்லை. சமைக்காத வீட்டில் குப்பை ஏது? டி செல் வந்து வாளியைப் பார்த்தால் வழக்கமான நரம்புச் செல்லின் குப்பைதான் இருக்கும். நரம்புச் செல் பிரிந்து பெருகுவதும் இல்லை, எளிதில் புதிதாக முளைப்பதும் இல்லை. வாடகைக்கு வந்தவன் காலி செய்யவே வேண்டாத வீடு.

எதிர்ப்பு சக்தியும் ஏமாந்த சோணகிரி இல்லை. அந்த முடிச்சைச் சுற்றி டி செல்கள் வருஷக்கணக்கில் காவல் இருக்கின்றன. எலிகளில் பார்த்ததில், வைரஸ் கண் விழிக்க ஆரம்பித்ததும் அவை நரம்பைக் கொல்லாமல், வைரஸின் எழுச்சிக்குத் தேவையான ஒரு புரதத்தை மட்டும் வெட்டி மறுபடி தூங்க வைக்கின்றன. நரம்பைக் கொன்றால் நமக்குத்தான் நஷ்டம் என்பது அவற்றுக்குத் தெரிந்த மாதிரி நடந்துகொள்கின்றன.

எல்லாமே நரம்புலதான் ஒளியுதா?

இல்லை. சைட்டோமெகலோ ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையின் தொடக்க செல்களில் தங்குகிறது. அதைக் காவல் காக்க நம் உடம்பு கொடுக்கும் விலை அதிகம்: வைரஸ் உள்ள ஒருவரின் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒன்று இந்த ஒரே வைரஸுக்காக நிற்கிறது.

எப்ஸ்டைன்-பார் இன்னும் துணிச்சல். எதிர்ப்பான் தயாரிக்கும் பி செல்லுக்கு உள்ளேயே குடியிருக்கிறது, போலீஸ் குவார்ட்டர்ஸில் திருடன் வீடு எடுத்த மாதிரி. பி செல் பிரியும்போது வைரஸ் டி.என்.ஏ.வும் பிரிய வேண்டும், அதற்கு இ.பி.என்.ஏ.1 என்ற ஒரு புரதத்தைத் தயாரித்தே ஆக வேண்டும். அந்தப் புரதத்தின் நடுவில் கிளைசின், அலனின் என்ற இரண்டு எழுத்தே திரும்பத் திரும்ப வரும் நீண்ட தொடர் ஒன்று இருக்கிறது. அதனால் அது வாளிக்கு வருவது மிகவும் குறைந்துவிடுகிறது. வயது வந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த வைரஸோடு வாழ்கிறோம். 1964-இல் இது முதலில் தெரிந்தது ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வந்த புற்றுக்கட்டியிலிருந்து.

கடலுக்குப் போயிட்டு வந்தா வீட்டுக்காரருக்கு உதட்டுல கொப்புளம் வருது. உடம்புச் சூடா?

காசிமேட்டுப் பெண்கள் இதை நிறையக் கேட்டிருக்கிறார்கள். சூடு என்பதை விட வெயில் என்று சொல்லுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் உதட்டில் படுவது இந்த வைரஸை எழுப்பும் காரணங்களில் நன்றாக நிரூபணமான ஒன்று. காய்ச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம், மாதவிலக்கு இவையும் சேரும். திரும்பத் திரும்ப அதே மூலையில் வருவது ஒரே நரம்பில் இறங்குவதால். தலையில் துண்டு கட்டுபவர் உதட்டையும் மறைக்கும்படி தொப்பி வைத்துக்கொண்டால் நல்லது. உதட்டுக்குப் போடும் வெயில் தடுப்புக் களிம்பும் கிடைக்கிறது, போடுவாரா என்பது வேறு விஷயம்.

மாசமா இருக்கேன். டார்ச் டெஸ்ட்ல ஹெர்பெஸ், சைட்டோமெகலோ ரெண்டும் பாசிட்டிவ். குழந்தைக்கு ஆபத்தா அக்கா?

ஒரு பெண் ரிப்போர்ட்டை நான்காக மடித்து, உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள். புருஷன் வாசலில் பைக்கில். ஐ.ஜி.ஜி. எண்ணுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு குறி, அதைப் பார்த்து அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

டார்ச் என்பது கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ஒன்றாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஐ.ஜி.ஜி. என்பது ஒரு வகை எதிர்ப்பான். அது பாசிட்டிவ் என்றால் எப்போதோ இந்த வைரஸ் உடம்புக்குள் வந்தது, உடம்பு அதற்கு எதிர்ப்பான் செய்து வைத்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். நம் ஊரில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது அப்படித்தான் வரும், எனக்கும் வரும். குழந்தைக்கு ஆபத்து முக்கியமாக, கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்று வந்தால். ஐ.ஜி.எம். என்ற இன்னொரு வகை எதிர்ப்பான் புதுத் தொற்றைக் காட்டலாம், ஆனால் அது பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டும். அதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எல்லாக் கர்ப்பிணிக்கும் வழக்கமாக இந்தச் சோதனை தேவையில்லை என்பதுதான் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட நிலை. அப்படியும் சீட்டு வந்துகொண்டேதான் இருக்கிறது. சோதனை செய்து சம்பளம் வாங்குபவள் நானே இதைச் சொல்கிறேன். பிரசவ நேரத்தில் பிறப்புறுப்பில் புண் இருந்தால் மட்டும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிரசவம் எப்படி என்பதையே அது மாற்றலாம்.

அக்கிக்குக் கொசப்பேட்டையில போய் எழுதிட்டு வந்தா போதாதா?

கொசப்பேட்டை என்ற பேரே குயவர் பேட்டை. என் அத்தைக்கு அக்கி வந்தபோது நானும் கூடப் போனேன். பெரியவர் காவியைத் தண்ணீரில் குழைத்து, இறகால் தொட்டு, இடுப்பிலிருந்து முதுகு வரை பூசி, ஓரத்தில் ஒரு சிங்கம் வரைந்தார். வால் மேலே தூக்கியிருந்தது. அத்தை முதல் தடவையாக அன்று கண்ணை மூடி உட்கார்ந்தாள். ஈரக் காவி எரிச்சலுக்குக் குளிர்ச்சி, அது நிஜம். அக்கி தானாகவே இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும், பெயர் சிங்கத்துக்குப் போகும். ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கலாம். அதைவிட முக்கியம், எழுதப் போன மூன்று நாளில் மாத்திரைக்கான நேரம் போய்விடும். அத்தைக்கு அப்படித்தான் போனது. புண் ஆறி ஒரு வருஷம் வரை ரவிக்கைத் துணி உரசினாலே கத்துவாள்.

மாத்திரை சாப்பிட்டா வைரஸ் மொத்தமா போயிடுமா?

போகாது. அக்கிக்கும் உதட்டுக் கொப்புளத்துக்கும் கொடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரை உருவான ஆய்வுக்கூடம் ஜெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்க விஞ்ஞானியுடையது, 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். மருந்து செல்லுக்குள் சாதுவாக நுழையும். வைரஸிடம் இருக்கும் ஒரு நொதி தொட்டால்தான் அது விஷமாக மாறத் தொடங்கி, புதிதாக எழுதப்படும் வைரஸ் டி.என்.ஏ.வை நடுவில் நிறுத்தும். வைரஸ் இல்லாத செல்லை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. இந்த அழகே அதன் எல்லையும்: தூங்கும் வைரஸ் அந்த நொதியைச் செய்வதில்லை, அதனால் மருந்துக்கு வேலையும் இல்லை. வைரஸ் பெருகும்போது மட்டுமே மருந்து வேலை செய்யும், அக்கி தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஒரு நாளைக்கு 5 வேளை என்று எழுதியிருந்தால் 5 வேளைதான், "மூணு போதும்" என்று நாமாகக் குறைக்கக் கூடாது.

அக்கி ஒட்டுமா?

அக்கியாக ஒட்டாது. கொப்புளத் தண்ணீர் பட்டால், சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஒருவருக்குச் சின்னம்மையாக வரலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, கீமோ எடுப்பவர் பக்கம் போகாமல், புண்ணைத் துணியால் மூடி வையுங்கள்.

தடுப்பூசி இருக்கா?

சின்னம்மைக்கும் அக்கிக்கும் இருக்கிறது. சின்னம்மை ஊசி 1974-இல் ஜப்பானில் மிச்சியாக்கி தகஹாஷி உருவாக்கிய பலவீனமான வைரஸிலிருந்து வந்தது. அரசு இலவசப் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அக்கிக்கான புதிய ஊசி ஷிங்ரிக்ஸ், 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை, விலை அதிகம். அதில் இருப்பது முழு வைரஸ் இல்லை, ஜி.இ. என்ற ஒரே புரதம். சிம்ப்ளெக்ஸ் கதையில் கவட்டையின் கைப்பிடியைப் பிடித்ததே, அம்மை வைரஸிடம் இருக்கும் அதன் பங்காளி. எதிர்ப்பானை ஏய்க்கும் குடும்பப் புரதத்தையே காட்டி டி செல்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். சிம்ப்ளெக்ஸுக்கும் எப்ஸ்டைன்-பாருக்கும் சைட்டோமெகலோவுக்கும் இன்னும் ஊசி கிடையாது.

எப்போ உடனே ஓடணும்?

நெற்றியிலோ கண்ணிமையிலோ அக்கி வந்தால், முக்கியமாக மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம் தெரிந்தாலும். மூக்கு நுனிக்குப் போகும் நரம்பின் கிளை கண்ணுக்கும் போகிறது, பார்வை போகலாம். அன்றைக்கே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள், 1819-இலிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர்.